சவாயின் கதவு

ஓர் இசைக்கூடத்தில் யார் பாடினார்கள் என்று மட்டுமல்ல, யாரை உள்ளே விட்டார்கள் என்றும் நாம் கேட்கிறோம்.

நியூயார்க் ஹார்லெமில் காட்டன் கிளப் இருந்தது. மேடையில் கறுப்பர்கள்; மேசைகளில் வெள்ளையர் மட்டும். டியூக் எலிங்டன் வாசித்தார், அவருடைய மக்கள் உட்கார்ந்து கேட்க முடியாது.

சற்றுத் தள்ளி 1926இல் சவாய் நடனக்கூடம் திறந்தது. அங்கே இரு இனத்தவரும் ஒரே தரையில் கைகோத்து ஆடினார்கள். லிண்டி ஹாப் ஆட்டம் வளர்ந்தது அங்கேதான். 1937இல் சிக் வெப்பின் குழு, நாடே கொண்டாடிய வெள்ளையர் பென்னி குட்மனின் குழுவை அந்த மேடையில்தான் போட்டியில் மிஞ்சியது.

1943இல் அதிகாரிகள் சவாயைச் சில மாதங்கள் பூட்டினார்கள். சொன்ன காரணம் ‘ஒழுக்கக்கேடு’. (நமக்குப் பழகிய சொல்தான், தோழர்களே.) சேர்ந்து ஆடியதற்குத்தான் இந்தப் பூட்டு என்றார்கள் ஹார்லெம் மக்கள். மறுபடி திறந்த சவாய் 1958 வரை நடந்தது. பிறகு குடியிருப்பு கட்ட இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.