காப்பு வால்வும் பேராக்கின் ஈயமும்

பேராக் மாநிலத்தின் செல்வம் ஈயத்தால் வந்தது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின் அந்த ஈயத்தை எடுப்பதற்கு நீராவி எவ்வளவு துணைசெய்தது என்பதும், அந்நீராவியைக் கட்டுக்குள் வைக்க எத்தகைய கருவியும் சட்டமும் வேண்டியிருந்தன என்பதும் பலர் கவனத்திற்கு வராத செய்திகள்.

லாருட் சுரங்கங்களில் ஊறிப் பெருகும் நீரே பெரும் பகையாக இருந்தது. சீனச் சுரங்கத்தார் நீர்ச்சக்கரத்தால் ஓடும் மரச் சங்கிலி இறைவையைக் கொண்டு அதனை இறைத்து வந்தனர். 1870-களின் இறுதியில் அங்கே நீராவிப் பம்பு புகுந்தது. பின்னர் கிந்தாப் பள்ளத்தாக்கு தலையெடுத்து ஈப்போ நகரம் வளர்ந்தபோது, விறகெரித்து ஓடும் கொதிகலன்கள் அங்கும் பெருகின. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடத் தொடங்கிய ரயிலும் நீராவி வண்டியே.

ஒரு பங்கு நீர் கொதித்து ஆவியானால் ஏறக்குறைய 1,600 பங்கு இடத்தை அடைக்கும். உலைமூடி தானே துள்ளி ஆவியை விட்டுவிடுவதால் அடுக்களையில் ஆபத்தில்லை. மூடியை முடுக்கி இறுக்கிய பானை போன்றது கொதிகலன். ஆகவே துள்ளும் மூடி ஒன்றை அதற்கும் வைத்தாக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெனி பாப்பேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் செய்தது அதுவே: துளையை அடைக்கும் மூடி, அதன்மேல் ஒரு நெம்புகோல், கோலின் நுனியில் எடைக்கல். எளிய அமைப்பு, அதனை ஏமாற்றுவதும் எளிது. இயந்திரம் இன்னும் வேகமாக ஓடவேண்டுமென்று கோலில் மற்றோர் இரும்புத் துண்டைத் தொங்கவிட்டால் போதும். இங்கிலாந்தில் கொதிகலன்கள் வெடித்தமைக்கு இவ்வழக்கமும் ஒரு காரணம். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்னும் ரயில்வேப் பொறியாளர், ஓட்டுநர் இறுக்கிவைக்க முடியாதபடி ஒரே சுருள்வில்லால் அடங்கும் இரட்டை வால்வை அமைத்தது இதனாலேயே.

ஏமாற்றுவார் இல்லாவிடினும் உலோகம் ஏமாற்றக்கூடும். மூடியும் அது அமரும் வளையமும் இரும்பாயின், துரு இரண்டையும் ஒட்டவைத்துவிடும். அழுத்தம் ஏறும் நாளில் வால்வு திறவாது. வார்ப்பிரும்புக்கு வேறொரு குறையும் உண்டு. திடீரென அடிபட்டால் வளையாமல் பிளந்துவிடும். பித்தளையில் துத்தநாகம் மிகுதி. நாளடைவில் நீர் அதனை அரித்தெடுக்க, பஞ்சுபோன்ற செம்பே எஞ்சும். இவற்றையெல்லாம் கண்ட பின்னரே செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்னும் விகிதத்தில் அமைந்த வெண்கலம் வால்வுக்குரிய உலோகமாகப் பெயர்பெற்றது. பீரங்கி வார்த்த உலோகமாதலின் அதனை 'கன்மெட்டல்' என்பர். பேராக்கின் ஈயத்திற்கும் வால்வுக்கும் உள்ள உறவு இங்கேதான். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருக்கப்பட்ட மலாயா ஈயத்தில் பெரும்பங்கு தகரத் தகட்டுக்குப் பூச்சாகச் சென்றது. ஒரு பங்கு வெண்கலத்தில் கலந்தது. கிந்தாவில் வெட்டிய ஈயம் கிந்தாவின் கொதிகலனுக்கே வால்வாகத் திரும்பியிருந்தாலும் வியப்பில்லை. கடுஞ்சூட்டில் வெண்கலம் வலுவிழப்பதால், மிகைச்சூடேற்றிய நீராவிக்கு இன்று எஃகு வால்வுகளே பொருத்தப்படுகின்றன.

சட்டம் மெல்லவே வந்தது. சிலாங்கூர் 1892-இல் கொதிகலன் சட்டம் இயற்றியது; இயந்திரம் ஓட்டுவோன் அத்தொழில் அறிந்தவனாக இருத்தல் வேண்டும் என்றது. ஈயத்தில் முன்னின்ற பேராக்கிலோ 1903-இல்தான் கொதிகலன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதினோராண்டுத் தாமதம் பாராட்டத்தக்கதன்று. 1909 முதல் கூட்டு மலாய் நாடுகள் நான்கிற்கும் ஒரே சட்டமாயிற்று. 1914-இல் அதன் இடத்தில் இயந்திரச் சட்டம் வந்தபோது, கொதிகலன் சோதகர் இயந்திரச் சோதகர் ஆனார். சுரங்கங்களிலேயே இயந்திரம் மிகுதியாக இருந்தமையால் இப்பணி நெடுங்காலம் சுரங்க இலாகாவின் கிளையாகவே நடந்தது, 1952-இல்தான் தனித்துறையாயிற்று.

சோதனையின் முறை அறியத்தக்கது. முதலில் கொதிகலனை நீரால் நிரப்பி, அது தாங்கவேண்டிய அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்துவர். ஆவியை விட்டு நீரைக் கொள்வானேன் எனில், நீர் சுருங்காதது. தகடு விரிசல்விட்டால் அழுத்தம் அக்கணமே விழுந்துவிடும், ஆளுக்கு ஆபத்தில்லை. காப்பு வால்வுக்குரிய பிரிட்டிஷ் சோதனை இன்னும் கடுமையானது. அடுப்பு முழுவீச்சில் எரிய, ஆவி வெளியேறும் வழிகளை அடைத்து, வால்வை மட்டும் நம்பி விடுவர். அப்போதும் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறலாகாது.

1928-இல் மாலிம் நாவார் அனல் நிலையமும் 1930-இல் செண்டெரோ நீர்மின் நிலையமும் எழுந்தபின் சுரங்கங்கள் மின்சாரத்திற்கு மாறலாயின. ஆனால் கொதிகலன் பேராக்கை விட்டு நீங்கவில்லை; தோட்டங்களுக்குப் பெயர்ந்தது. ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கிப் புகைவீட்டில் உலர்த்தக் கொதிகலன் தேவையில்லை. ஆகவே பால்வெட்டிய தமிழர் பலருக்கு நீராவியோடு பழக்கம் நேரவில்லை. 1960-கள் முதல் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தபோது நிலைமை மாறியது. செம்பனைக் குலையை வெட்டியபின் எண்ணெய் கெடாதிருக்கவும், பழம் காம்பிலிருந்து கழலவும், பெரிய உருளைக் கலங்களில் அடைத்து ஏறக்குறைய 3 பார் அழுத்தமுள்ள ஆவியில் ஒரு மணி நேரத்திற்கு மேல் அவிப்பர். பழத்தின் நாரும் ஓடுமே அந்த ஆலைக்கு விறகு. பால்வாளி சுமந்தவர்களின் பிள்ளைகளில் சிலர் இவ்வாறு கொதிகலன் காக்கும் தொழிலுக்கு வந்தனர். அவிகலத்தில் ஆவி சிறிது எஞ்சியிருக்கும்போது கதவு திறந்தாலும் முன்னே நிற்பவர் உயிர் தப்புவது அரிது.

1967-இன் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 1970 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி தகுதிச் சான்றிதழ் பதினைந்து மாதங்களுக்கே செல்லும். 2024 ஜூன் 1-ஆம் நாள் அச்சட்டம் நீக்கப்பட்டு, இப்பொறுப்பு 1994-இன் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்தது. உரிமம் பெற்ற தனியாரும் சோதிக்க இடமுண்டாயிற்று. ஆலையிடம் கூலி பெறுபவர் ஆலையைக் கண்டிப்பாரா என்னும் ஐயம் நியாயமானதே. எனினும் 1854-இல் மான்செஸ்டரில் கொதிகலன் சோதனைக்கெனத் தோன்றிய சங்கம் ஆலை முதலாளிகளே அமைத்தது. அதன் சோதகர்கள் முகம் பாராமல் குறை சொன்னார்கள். குறை தீராத கொதிகலனுக்குச் சான்றிதழ் தர மறுத்தார்கள்.