கடிகாரமும் சுவாசமும்

சேலம் ஜில்லாவின் வட எல்லைத் தாலுகாவாக ஓசூர் இருந்த நாட்களில், நோயாளியின் ஸ்திதி திடீரென்று மோசமாகிவிட்டால், ஏறக்குறைய 100 மைலுக்கு அப்பாலிருந்த ஜில்லாத் தலைநகரை நோக்குவதைவிட 25 மைல் தூரத்திலிருந்த பெங்களூரை நோக்குவதே இயல்பாயிருந்தது. 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா ஆஸ்பத்திரி முதல், ஓசூர்ச் சாலை என்ற பெயரையே தாங்கிய வீதியில் பிற்காலத்தில் எழுந்த நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி, கித்வாய் புற்றுநோய் நிலையம் வரை, எல்லைக்கு அப்பாலிருந்த ஸ்தாபனங்களே இப்பிரதேசத்தார் பலருக்கும் புகலிடமாயின. ஆயினும், வண்டி கட்ட வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதைக் காலத்தே கண்டு சொல்ல ஒருவர் அருகில் இல்லாவிட்டால், மைல் கணக்கு எவ்வளவு குறைந்தும் பயனில்லை.

அந்தக் கண்டறிதல் நம்மிடம் விரல்நுனியில் இருந்தது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாத, பித்த, கபங்களின் நடையை உணர்ந்த சித்த வைத்தியர்கள் நாடியின் குணத்தை ஆராய்ந்தார்கள். அதன் எண்ணிக்கையைக் காலத்தோடு பொருத்தும் முறையோ, ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில வைத்தியர் சரியாக ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, 1707-இல் நூலெழுதி விளக்கியதிலிருந்து வலுப்பெற்றது. எண்ணை எழுதி வைத்தால், நேற்றைய நிலையோடு இன்றையதை ஒப்பிட முடியும். உணர்வு ஒருவரோடு மறைந்துவிடும், எழுத்தோ அடுத்த வேளைக் காவலுக்கு வருகிறவர் கைக்கும் போய்ச் சேரும்.

ஆஸ்பத்திரியில் மரணம் முன்னறிவிப்பின்றி வருவது அபூர்வம் என்பது 1990-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில் துலங்கிற்று: ஆஸ்பத்திரியிலேயே இருதயம் நின்றுபோன 64 பேரில் 54 பேரிடம், அதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் சீர்கேட்டின் லட்சணங்கள் பதிவாகியிருந்தன. குறிகள் இருந்தன, அவற்றைக் கண்டு செயல்பட ஓர் ஏற்பாடில்லை. 1997-இல் இங்கிலாந்தில், நாடி, சுவாசம் முதலிய குறிகளுக்கு எண் இடும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை பிறந்தது இத்தகைய குறையைப் போக்கவே. இன்று அங்கே வழங்கும் முறையில் நிமிஷத்துக்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட சுவாசம் என்பது தனியாகவே 3 மதிப்பெண் பெறும் அபாயக் குறி. இவ்வளவு முக்கியமான சுவாச எண்ணிக்கையே வார்டுகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுகிறது என்பது வருந்தத்தக்கது.

1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும், அந்தத் தசாப்தத்திலேயே டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் ஓசூருக்கு வந்தபின், ஊர் மாறிற்று. பிற ஜில்லாக்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கிய தொழிலாளருக்கு, நள்ளிரவில் மூச்சு மாறுவதைக் கவனிக்க உறவினர் எவரும் இல்லை; ஷிப்டு முடித்து வரும் அறைத் தோழனே துணை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு நவம்பரில் கர்நாடகத்திலும் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது அவர்களுக்குப் பெரும் உபகாரம். ஓசூரையும் சேர்த்து 2004-இல் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது.

இனி வேண்டுவது ஒன்று. கடிகாரம் செய்யும் இந்த ஊரின் செவிலியரும் முதலுதவி கற்ற தொழிலாளரும், நோயாளியைப் பெங்களூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ அனுப்புமுன், அவருடைய சுவாசத்தை ஒரு முழு நிமிஷம் எண்ணி, மணியோடு சேர்த்துச் சீட்டில் எழுதி அனுப்புவார்களாக.