அங்கீகரிக்கப்படாத மின்னணு வங்கிப் பரிவர்த்தனை (இந்தியா)

அங்கீகரிக்கப்படாத மின்னணு வங்கிப் பரிவர்த்தனை என்பது வாடிக்கையாளரின் ஒப்புதல் இன்றி அவரது வங்கிக் கணக்கு, பற்று அட்டை, கடன் அட்டை அல்லது மின்பணப்பையிலிருந்து மின்னணு முறையில் பணம் எடுக்கப்படுவதைக் குறிக்கும். இவ்வாறு ஏற்படும் இழப்பை ஏற்க வேண்டியவர் வங்கியா, வாடிக்கையாளரா என்ற வினாவுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை விடையளித்தது. கூட்டுறவு வங்கிகளுக்கு அதே ஆண்டு டிசம்பரிலும், வங்கியல்லாத மின்பணப்பை நிறுவனங்களுக்கு 2019 ஜனவரியிலும் இதையொத்த விதிகள் வெளியாயின.

அடையாளம் தெரியாத பற்றுகள்

கணக்கு அறிக்கையில் காணப்படும் அடையாளம் தெரியாத பற்று ஒவ்வொன்றும் மோசடி அன்று. கடையின் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் அறிக்கையில் அதன் உரிமை நிறுவனத்தின் பெயரும் இருப்பது வழக்கம். ஆண்டுதோறும் மே மாத இறுதியில் பலரது சேமிப்புக் கணக்கில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிக்கப்படுவதைக் காணலாம். இவை முறையே பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்சா காப்பீட்டுத் திட்டங்களுக்கு 2022 ஜூன் முதல் விதிக்கப்பட்ட ஆண்டுத் தவணைகள் ஆகும். கணக்குத் தொடங்கும்போது கையொப்பமிட்ட படிவங்களுள் இதற்கான ஒப்புதலும் இருந்ததைப் பலர் மறந்துவிடுகின்றனர். குறுஞ்செய்திக் கட்டணம், அட்டையின் ஆண்டுக் கட்டணம், நிறுத்தப்படாத இணையச் சந்தா ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

தானியங்கிப் பணப்பொறியில் பணம் வெளிவராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்படுவது வேறு வகை. 2019 செப்டம்பரில் வெளியான விதி, அத்தொகையை ஐந்து நாட்களுக்குள் திருப்பி வரவு வைக்கவும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு வழங்கவும் வங்கிகளைப் பணித்தது.

பொறுப்பின் எல்லை

2017 சுற்றறிக்கை இழப்பை மூன்றாகப் பிரித்தது. வங்கியின் மோசடி, கவனக்குறைவு அல்லது குறைபாட்டால் நேர்ந்த இழப்பில், வாடிக்கையாளர் முறையிட்டாலும் முறையிடாவிட்டாலும் அவருக்குப் பொறுப்பு இல்லை. வாடிக்கையாளரே தமது இரகசியத் தகவல்களைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்த பின்னர் நேரும் இழப்பு வங்கியுடையது. ஆகவே தவறு தம்முடையதே என்று அறிந்தவரும் உடனடியாகத் தெரிவிப்பதால் பயன் பெறுவார்.

மூன்றாவது வகையில் குறை இருவரிடமும் இன்றி, அமைப்பின் வேறோரிடத்தில் இருக்கும். இங்கே காலமே தீர்மானிக்கும் காரணி. வங்கியின் செய்தி கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால், பரிவர்த்தனை ஒன்றுக்கு அவர் ஏற்க வேண்டிய உச்சத் தொகை அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் எனவும், பிற சேமிப்புக் கணக்குகளிலும் 5 இலட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கடன் அட்டைகளிலும் 10,000 ரூபாய் எனவும், அதற்கு மேற்பட்ட வரம்புள்ள அட்டைகளில் 25,000 ரூபாய் எனவும் வரையறுக்கப்பட்டது. ஏழு நாட்களைக் கடந்தவை அந்தந்த வங்கியின் கொள்கைக்கு விடப்பட்டன.

செய்தி கிடைத்த நாள் இக்கணக்கில் சேராது. வேலை நாட்கள் வாடிக்கையாளரின் சொந்தக் கிளையைக் கொண்டே எண்ணப்படும். ஆகவே தமிழ்நாட்டுக் கிளையொன்றில் கணக்கு வைத்திருப்பவருக்குப் பொங்கலையொட்டி அக்கிளை மூடப்படும் நாட்கள் கழிந்துவிடும். எனினும் விடுமுறையை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. திருடப்பட்ட பணம் சில மணி நேரத்திலேயே பல கணக்குகளுக்கு மாறிச் செல்லக்கூடியது.

முறையீடு பெற்ற பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் எனவும், 90 நாட்களுக்குள் முடிவு காண வேண்டும் எனவும் அச்சுற்றறிக்கை கூறியது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு

வாடிக்கையாளரே பொறுப்பு என்பதை மெய்ப்பிக்கும் கடமை வங்கியைச் சார்ந்தது. நடைமுறையில் பெரும்பாலான பூசல்கள் எழுவது இங்குதான். ஒருமுறைக் கடவுச்சொல் சரியாக உள்ளிடப்பட்டது என்பதையே வாடிக்கையாளரின் கவனக்குறைவுக்குச் சான்றாக வங்கிகள் காட்டுவது உண்டு. கடவுச்சொல் உள்ளிடப்பட்டது என்பது வேறு, வாடிக்கையாளர் அதைப் பிறருக்குத் தந்தார் என்பது வேறு.

இவ்வகையில் குறிப்பிடத்தக்கது பாரத ஸ்டேட் வங்கி தொடர்பான வழக்கு ஆகும். இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப முயன்ற ஒருவர், வாடிக்கையாளர் சேவை அலுவலர் போல் நடித்தவரிடம் ஏறத்தாழ 94,000 ரூபாயை இழந்தார். அவர் உடனே வங்கிக்குத் தெரிவித்திருந்தார். கௌகாத்தி உயர் நீதிமன்றம் வங்கியே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. இதில் தலையிட 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

முறையிடும் வழி

முதலில் அட்டையை அல்லது கணக்கை முடக்கச் செய்து, முறையீட்டு எண்ணைப் பெறுதல் வேண்டும். தொலைபேசியில் கூறியதை மின்னஞ்சலிலோ எழுத்திலோ உறுதிசெய்வது நல்லது. தெரிவித்த நேரம் குறித்த பூசலில் அதுவே சான்றாகும். மோசடி எனில் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கலாம். பணம் சென்றடைந்த கணக்கில் அதை நிறுத்தி வைக்க இவ்வழியில் முயற்சி எடுக்கப்படுகிறது. முன்னர் இதற்கு 155260 என்ற எண் வழங்கிற்று.

வங்கி 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 1995-இல் தொடங்கிய இவ்வேற்பாடு, பிற குறைதீர்ப்புத் திட்டங்களுடன் 2021 நவம்பர் 12 அன்று ஒன்றிணைக்கப்பட்டது. வங்கியிடம் முறையிடாமல் நேரடியாகக் குறைதீர்ப்பாளரிடம் செல்லும் மனுக்கள் ஏற்கப்படுவதில்லை.