பெயரும் பண்டமும்: அமெரிக்கச் சோளப்பாணியின் வரலாறு

2012ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் மனுவொன்றை நிராகரித்தது. சோளம் பதனிடும் கைத்தொழிலாளர் சங்கம் 2010இற் சமர்ப்பித்த அம்மனு மானியத்தையோ வரிவிலக்கையோ வேண்டியதன்று. ஒரு பெயர்மாற்றத்தையே வேண்டியது. ‘உயர் பிரற்றோசுச் சோளப்பாணி’ என உணவுப் பொதிகளிற் பொறிக்கப்படும் இனிப்பை இனிச் ‘சோளச் சீனி’ என அழைக்க இடமளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு பெயரின்பொருட்டுப் பெருங் கைத்தொழிலொன்று இத்துணை முயல்வானேன் என்ற வினா எழுதல் இயல்பு. அவ்வினாவுக்கான விடை நூறாண்டு பின்னோக்கிச் சென்றாலன்றிக் கிடையாது. இப்பண்டத்தின் முன்னோடியைக் குறித்து இதுபோன்றதொரு வழக்கு அந்நாட்டிலே முன்னரும் நடந்தது. அன்று வென்றோர் உற்பத்தியாளர்.

மாப்பொருளை ஐதான கந்தக அமிலத்துடன் கொதிக்கவைத்தால் இனிப்பான பாணி கிடைக்கும் என்பதைச் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே கேர்ச்சொவ் என்ற இரசாயனவியலாளர் 1811இற் கண்டறிந்தார். நெப்போலியனது போர்களால் மேற்கிந்தியத் தீவுகளின் கருப்பஞ்சீனி ஐரோப்பாவுக்கு வருதல் தடைப்பட்டிருந்த காலம் அது. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கிலிருந்து பெறப்பட்ட பாணியை, அமெரிக்காவின் மத்திய மேற்குச் சமவெளிகளிற் சோளம் வழங்கிற்று. வியாபாரிகள் அதனைக் ‘குளுக்கோசு’ என்றனர். விலை மலிவாகவும் நிறமற்றதாகவும் இருந்தமையின் தேனுடனும் மேப்பிள் மரப்பாணியுடனும் கருப்பம்பாணியுடனும் அது எளிதிற் கலந்தது. கலந்தபின் கண்ணுக்கோ நாவுக்கோ புலப்படவுமில்லை.

இதனை ஆய்வுகூடத்திற் புலப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஹார்வி வைலி. இந்தியானா மாநிலத்துப் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் இரசாயனவியற் பேராசிரியராக இருந்த அவர், 1881இல் அம்மாநிலச் சுகாதாரச் சபைக்காகக் கடைகளிற் பெற்ற பாணிகளைச் சோதித்தபோது அவற்றுட் பல குளுக்கோசு கலந்தவை எனக் கண்டார். ஈண்டு ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். வைலி சோளப்பாணியை நஞ்சு எனக் கருதியவரல்லர். சோளத்தின் பயன்களை வியந்து எழுதியவருமாவர். தேன் என்று காசு பெற்றுக்கொண்டு குளுக்கோசை விற்பதே அவருக்குக் குற்றமாகப் பட்டது. பிற்காலத்திற் பலர் அவரைப் போற்றியபோதும் தூற்றியபோதும் இவ்வேறுபாட்டை மறந்துவிட்டனர்.

விவசாயத் திணைக்களத்தின் பிரதம இரசாயனவியலாளராகிய பின்னர் 1902இல் அவர் தொடங்கிய பரிசோதனை நாடெங்கும் பேசப்பட்டது. இளம் தொண்டர் பன்னிருவர் வாஷிங்ரனில் ஒரே மேசையில் உணவருந்தினர். அக்காலத்து உற்பத்தியாளர் உணவு கெடாதிருக்கச் சேர்த்த வெண்காரம், சலிசிலிக் அமிலம், போமல்டிகைட்டு முதலியவை ஒன்றன்பின் ஒன்றாக அவர்களுக்கு ஊட்டப்பட்டன. பத்திரிகைகள் அவர்களை ‘நஞ்சுப் படை’ என்று அழைத்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத இப்பரிசோதனை இன்றைய அளவுகோலிற் குறையுடையதே. எனினும் 1906 யூன் 30ஆந் திகதி சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் கைச்சாத்திட்ட தூய உணவு, மருந்துச் சட்டத்துக்குப் பொதுமக்களின் மனத்தைப் பக்குவப்படுத்தியவற்றுள் இதுவும் ஒன்று.

சட்டம் நடைமுறைக்கு வந்தவுடன் பெயர் பற்றிய வழக்கும் வந்தது. பண்டத்தின் பெயரை மக்கள் மயங்கும்படி எழுதலாகாது எனச் சட்டம் விதித்தது. குளுக்கோசு என்ற சொல்லுக்கோ கலப்படத்தோடு பிணைந்த கெட்ட பெயர் இருந்தது. ஆதலின் உற்பத்தியாளர் ‘சோளப்பாணி’ என்று எழுத விரும்பினர். செடியின் அல்லது மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பெறுவதே பாணி. அமிலத்தால் மாப்பொருளைச் சிதைத்துப் பெறுவதற்கு அப்பெயர் பொருந்தாது என்பது வைலியின் வாதம். சோளத்திலிருந்து வருவது, பாணியாக இருப்பது, ஆகவே சோளப்பாணி என்பது எதிர்வாதம். இரண்டினையும் நடுநின்று நோக்குவார்க்கு எதிர்வாதத்திலும் நியாயம் தென்படாமற் போகாது. 1908இல் மூன்று அமைச்சர்கள் ஒப்பமிட்ட தீர்மானம் ‘சோளப்பாணி’ என்ற பெயரை ஏற்றுக்கொண்டது.

அத்தீர்மானத்துக்குச் சிறிது முன்னர் வெள்ளை மாளிகையில் நிகழ்ந்த சம்பவமொன்று சுவையானது. தகரத்திலடைத்த சோளத்துக்குச் சீனிக்குப் பதிலாகச் சக்கரின் சேர்த்துவந்த நிறுவனமொன்றின் முறையீடு சனாதிபதிமுன் வந்தது. உண்போர் சீனி என நம்பி ஏமாறுகின்றனர் என்றும் அது உடலுக்குக் கேடு என்றும் வைலி இடைமறித்துக் கூறினார். வைத்தியரின் ஆலோசனைப்படி நாள்தோறும் சக்கரின் உட்கொண்டுவந்த ரூஸ்வெல்ற் கடுஞ்சினங் கொண்டார். பின்னர் வைலியின் முடிவுகளை மீளாய்வு செய்ய நியமிக்கப்பட்ட நிபுணர் சபைக்குத் தலைமை தாங்கிய ஐரா ரெம்சன், சக்கரின் கண்டுபிடிக்கப்பட்ட ஆய்வுகூடத்தின் பேராசிரியர். வைலி 1912இற் பதவி துறந்தார். அவர் 1930 யூன் 30ஆந் திகதி, அச்சட்டம் கைச்சாத்தான அதே நாளில், காலமானார். அவ்வாண்டு திசெம்பரிலேயே, உணவிற் சேரும் சோளச் சீனியைச் சுட்டுத்துண்டிற் குறிப்பிடத் தேவையில்லை என்று விவசாய அமைச்சர் ஆதர் ஹைட் தீர்ப்பளித்தார். பெயரை மாற்றுவதற்குப் போராடியவர்க்குப் பெயரே வேண்டாத நிலை கைகூடிற்று எனலாம்.

1938இல் வந்த புதிய சட்டம் சேர்மானங்களை வெளியிடுமாறு கட்டளையிட்டபோதும், அரசு நியமம் வகுத்த உணவுகளுக்குப் பெரும்பாலும் விலக்களித்தது. அவ்விலக்கு 1990இலேதான் நீக்கப்பட்டது.

இதற்கிடையே பண்டமும் உருமாறிற்று. குளுக்கோசின் ஒரு பகுதியை அதனினும் இனிப்பான பிரற்றோசாக மாற்றும் நொதியத்தை அமெரிக்க ஆய்வாளர் 1957இல் அறிவித்தனர். யப்பானிய ஆய்வாளர் அதனைத் தொழிற்சாலைக்கேற்ற முறையாக்க, 1967இல் அயோவா மாநிலத்து ஆலையொன்று விற்பனைக்கு உற்பத்தி செய்தது. ஆயினும் விஞ்ஞானம் மட்டும் இதனை வீடுதோறும் சேர்த்திராது. 1974இல் உலகச் சந்தையிற் சீனி விலை வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. 1982இல் அமெரிக்க அரசு உள்நாட்டு உற்பத்தியாளரைக் காக்கச் சீனி இறக்குமதிக்குப் பங்கீட்டளவு விதித்தது. சீனி உள்நாட்டில் விலையுயர்ந்தே நிற்க, அரச ஆதரவு பெற்ற சோளம் மலிவாகக் குவிந்தது. 1980இற் சீனியின் பாதிக்கு இப்பாணியைச் சேர்க்க இடமளித்த கொக்கா கோலா நிறுவனம் 1984இல் முழுமைக்கும் இடமளித்தது. பெப்சியும் அவ்வாறே செய்தது. போத்தலும் நிறமும் மாறவில்லை. பாண், தக்காளிச் சோசு, பழச்சுவைத் தயிர் என, இனிப்பை எவரும் எதிர்பாராத உணவுகளிலும் அது புகுந்தது. மாறியது சுட்டுத்துண்டின் சிற்றெழுத்து ஒரு வரியே.

2004இல் இப்பாணிக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பிருக்கலாம் என்றொரு மருத்துவக் கட்டுரை வெளியாயிற்று. அதன்பின் மக்கள் போத்தலைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினர். ஆயின், குடிபானங்களிற் சேரும் பாணியின் வெல்லங்களில் 55 வீதம் பிரற்றோசு. சாதாரண சீனியிலோ அது சரிபாதி. உடல் இவ்விரண்டையும் ஏறக்குறைய ஒரே விதமாகவே ஏற்கிறது என்பது பின்வந்த ஆய்வுகளின் போக்கு. இதனையறியாத மக்களுக்குச் ‘சோளப்பாணி அற்றது’ என்ற வாசகம் விளம்பரமாயிற்று. 2009இற் பெப்சி நிறுவனமே சீனியிட்ட பழைய பானத்தை மீண்டும் சந்தைக்கு விட்டது. சோளப்பாணியைத் தவிர்த்தவர் அதே அளவு இனிப்பைச் சீனியாக அருந்தினர். மறைந்திருந்தது பொருளன்று, அளவே என்பது பலருக்குப் புலப்படவில்லை.

இச்சூழலிலேதான் 2010ஆம் ஆண்டு மனு எழுந்தது. அதனை நிராகரித்த நிருவாகம், சீனி என்பது உலர்ந்து பளிங்கான திண்மம், இதுவோ பாணி என்றது. வேறொரு காரணமும் கூறப்பட்டது, அதுவே கனதியானது. பிரற்றோசை ஏற்கவியலாத பிறவி நோயுடையோர் சிலர் உளர். ‘சோளச் சீனி’ என்பது பிரற்றோசு அறவே இல்லாத, அவர்கள் அச்சமின்றி உண்ணத்தக்க பொருளுக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த பெயர். 1930இல் ஹைட் தீர்ப்பளித்த அதே சோளச் சீனி அது. அப்பெயரைப் பாணிக்கு இட்டால் அந்நோயாளரின் உயிருக்கே ஊறு நேரக்கூடும்.

ஒரே பண்டம் கனடாவில் ‘குளுக்கோசு பிரற்றோசு’ எனவும் ஐரோப்பாவில் ‘குளுக்கோசு பிரற்றோசுப் பாணி’ எனவும் வழங்குகிறது. சேர்மானங்கள் நிறையின் இறங்கு வரிசையில் எழுதப்படுவதால், இனிப்பை மூன்று நான்கு பெயர்களாகப் பிரித்துச் சேர்க்கும் உற்பத்தியாளர் ஒவ்வொன்றையும் பட்டியலின் கீழ்ப்பகுதிக்குத் தள்ளிவிடலாம். 2016இல் அமெரிக்க நிருவாகம் எப்பெயரில் வந்தாலும் ‘சேர்க்கப்பட்ட சீனி’யின் மொத்த அளவைத் தனி வரியாக எழுதுமாறு விதித்தது. அவ்வரி தமது போத்தல்களில் இடம்பெறுவதைத் தேனும் மேப்பிள் பாணியும் விற்போர் எதிர்த்தனர். தாம் எதனையும் சேர்க்கவில்லையே என்றனர். ஒரு காலத்தில் வைலி கலப்படத்தினின்று காக்க முயன்ற அவ்விரு பண்டங்களுக்கும் 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் அவ்வாசகத்திலிருந்து விலக்களித்தது.