டெக்சல் தீவின் அநாதைக் கிணறுகள்

மகன் ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்தபோது இரண்டு மாதம் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை, "அப்பா, ஒரு தீவுக்குப் போய்ட்டு வருவோம், கிளம்புங்க" என்றான். டென் ஹெல்டர் துறைமுகத்தில் காரோடு கப்பலில் ஏறினோம். இருபது நிமிடத்தில் டெக்சல் வந்துவிட்டது. எழுத்தில்தான் டெக்சல், அவ்வூர்க்காரர்கள் சொல்வது 'டெஸல்'.

ஆடுகள், ஆடுகள், எங்கு பார்த்தாலும் ஆடுகள். வயல்களுக்கு நடுவே வேலி கிடையாது. புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கிய இடுப்பளவு சுவர்கள்தான். கடற்காற்றைத் தாங்க ஒரு பக்கம் மட்டும் கூரை சரிந்த கொட்டகைகள், பாதியில் வெட்டிய வீடு மாதிரி நிற்கின்றன. நடுவில் டென் பர்க் என்ற ஊர். கிழக்குக் கரையில் அவுடஸ்கில்ட் என்ற மீனவர் ஊர். இரண்டுக்கும் இடையே 'உயர்ந்த மலை' என்று பெயர் கொண்ட ஒரு மேடு. உயரம் 15 மீட்டர்! நம் ஊர்க் கோபுரத்தைப் பார்த்தால் அவர்கள் என்ன சொல்வார்களோ.

அந்த மேட்டின் அடிவாரத்தில்தான் நான் சொல்ல வந்த கிணறுகள் இருக்கின்றன. டச்சு மொழியில் அவற்றின் பெயருக்கு அநாதைகளின் கிணறுகள் என்று பொருள்.

நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு டச்சுக் கம்பெனியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து நம் ஊரைப் பிடித்து, 1781-ல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இங்கே இருந்தவர்கள். அவர்களுடைய பெரிய கப்பல்கள் முழுப் பாரத்தோடு ஆம்ஸ்டர்டாம் வரை போக முடியாது. வழியில் கடல் ஆழமில்லை. அதனால் டெக்சலின் கிழக்குக் கரை ஓரமாக நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் சிறு படகுகளில் வந்து ஏறுவார்கள். பிறகு சாதகமான காற்றுக்காகக் காத்திருப்பு. சில சமயம் வாரக்கணக்கில். காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. கம்பெனி பிறப்பதற்கு முன்பே, 1593 கிறிஸ்துமஸ் புயலில் அங்கே நின்ற கப்பல்களில் சுமார் 40 நாசமாயின.

மாதக்கணக்கான பயணத்துக்குக் குடிநீர் வேண்டுமே? பீப்பாயில் அடைத்த தண்ணீர் சீக்கிரம் நாறிவிடும். இந்த மேட்டுக் கிணற்று நீரில் இரும்புச் சத்து அதிகம். அதனால் நெடுநாள் கெடாது என்று மாலுமிகள் இதைத் தேடி வாங்கினார்கள். நம் வீட்டில் இரும்பு வாடை அடித்தால் அந்தத் தண்ணீரைத் தொடக்கூட மாட்டோம்! பீப்பாய்களை ஒரு வாய்க்கால் வழியாக அவுடஸ்கில்டுக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் விற்ற காசு டென் பர்க் அநாதை இல்லத்துக்குப் போனது. பெயர் வந்த காரணம் அதுதான்.

நல்ல ஏற்பாடு என்று மகன் பாராட்டினான். நானும் தலையாட்டினேன். ஆனால் உடனே வேறொன்று நினைவுக்கு வந்தது. 1659-ல் பிஜப்பூர்ப் படை தஞ்சை நாட்டுக்குள் புகுந்தது, பஞ்சமும் சேர்ந்துகொண்டது. சோற்றுக்கு வழியில்லாத ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். இதே கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி, நாகப்பட்டினம் பக்கத்துக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றி அனுப்பியது. அதில் தாய் தகப்பனைப் பிரிந்த குழந்தைகள் எத்தனையோ. அவர்களுக்கென்று எந்தக் கிணற்றுக் காசும் ஒதுக்கப்படவில்லை. மகனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

அவுடஸ்கில்டில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து நங்கூரத் துறையைப் பெரிய மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். குட்டிக் குட்டிக் கப்பல்கள், இடையே ஓடும் படகுகள். நான் அதை விட்டு நகரவே இல்லை. 1824-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டென் ஹெல்டருக்குக் கால்வாய் வெட்டியதும் கப்பல்கள் அந்த வழியே போகத் தொடங்கின. டெக்சல் கரையில் காத்திருக்கும் வேலை குறைந்தது, தண்ணீர் வியாபாரமும் படுத்துவிட்டது. கிணறுகள் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன, சுற்றிலும் ஆடுகள் மேய.