காட்மியம் டெலுரைடு மென்படலம்: படிகக் குறைபாடுகளும் மின்பண்புகளும்

காட்மியம் டெலுரைடு என்பது சூரிய மின்பலகைகளில் பயன்படும் குறைகடத்தி. இதன் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான் வோல்ட். சூரிய ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்ச இதன் 2 முதல் 3 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலமே போதும். காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறனுள்ள இவ்வகைப் பலகைகளை உற்பத்தி செய்யும் அளவுடையது.

கண்ணாடியின்மேல் ஆவியாகப் படியவைக்கப்படும் இப்படலம் ஒற்றைப் படிகமன்று. எண்ணற்ற நுண்படிகங்களின் தொகுப்பு. அதில் குறைபாடுகள் பல வகைப்படும். அணு இருக்கவேண்டிய இடம் காலியாக இருப்பதும், அயல் அணு நுழைவதும் புள்ளிக் குறைபாடுகள். அணுத்தளங்கள் வரிசை மாறி அடுக்கப்படுவது அடுக்குப் பிழை. இரு நுண்படிகங்கள் சந்திக்கும் பரப்பு மணி எல்லை.

இவை மின்பண்பை மூன்று வழிகளில் மாற்றுகின்றன. முதலாவது, மின்னூட்ட ஊர்திகளின் எண்ணிக்கை. காட்மியம் அணு விட்டுச்சென்ற காலியிடம் எலக்ட்ரானை ஏற்று ஒரு துளையை (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னூட்டம்போல் நகரும் இடத்தை) உண்டாக்குவதால் படலம் துளைகள் மிகுந்த பி-வகையாகிறது. இரண்டாவது, மறுஇணைவு. ஆற்றல் இடைவெளியின் நடுப்பகுதியில் நிலை கொண்ட குறைபாடு எலக்ட்ரானையும் துளையையும் அடுத்தடுத்துப் பிடித்து அழிக்கிறது. ஷாக்லி, ரீட், ஹால் ஆகியோர் 1952இல் விளக்கிய இந்நிகழ்வு மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. மூன்றாவது, இயக்கம். மணி எல்லையில் சிக்கும் மின்னூட்டம் மின்னழுத்த அரணை எழுப்பி, ஊர்திகளின் இயக்க எண்ணைத் தாழ்த்துகிறது.

எனவே எல்லாக் குறைபாடுகளையும் நீக்குவது நோக்கமன்று; தீங்கானவற்றை அடக்கி, பயனுள்ளவற்றைப் பெருக்குவதே உற்பத்திக் கலை. படலத்தைக் காட்மியம் குளோரைடுடன் சுமார் 400 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் அடுக்குப் பிழைகள் பெருமளவு மறைகின்றன. குளோரின் மணி எல்லைகளில் தங்கி அவற்றின் தீங்கைத் தணிக்கிறது. இச்செயல்முறை இல்லாமல் நல்ல மின்கலம் அமைவதில்லை. படலத்தில் செலினியம் சேர்ப்பதும் மறுஇணைவைக் குறைக்கிறது.

துளைகளைப் பெருக்க நெடுங்காலம் செம்பு சேர்க்கப்பட்டது. காட்மியத்தின் இடத்தில் அமரும் செம்பு, எலக்ட்ரானை ஏற்றுத் துளை தரும் ஏற்பானாகும்; அணுக்களின் இடைவெளியில் நுழையும் செம்போ எலக்ட்ரானைத் தரும் கொடையாளியாகி அப்பயனைக் குறைக்கிறது. இதனால் துளைகளின் செறிவு கன சென்டிமீட்டருக்கு 10¹⁴ அளவிலேயே நின்றது. இது ஏறத்தாழ 15 கோடி காட்மியம் அணுக்களுக்கு ஒரு துளை என்ற விகிதம். மேலும் செம்பு வெப்பத்தில் எளிதில் இடம்பெயரும். எண்ணூர், திருவொற்றியூர் போன்ற வெப்பமான ஊர்களின் கூரைகளில் ஆண்டுக்கணக்கில் வெயில் காயும் பலகைகளுக்கு இது முக்கியமான குறை. டெலுரியத்தின் இடத்தில் ஆர்செனிக்கைச் சேர்க்கும் புதிய முறையில் துளைகளின் செறிவு 10¹⁶ வரை உயர்கிறது. செம்பின் இடப்பெயர்ச்சியால் வரும் திறன் இழப்பும் தவிர்க்கப்படுகிறது.