அண்ணாவியாரும் பல்கலைக்கழகமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் எழுதப்பட்ட சரித்திரத்திலே கோட்டை உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் உண்டு. 1957 வரை அங்கு நிலைகொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையும் உண்டு. கரைவலை இழுத்தவன் பாடிய அம்பாப் பாட்டை அதிலே தேடித்தான் பார்க்க வேண்டும். உழைப்பவனின் கலை ஏட்டறிவின் வாசலில் காத்துக் கிடப்பது நமக்குப் புதிதன்று.

அவ்வாசல் ஒருமுறை திறந்தது. 1956-ல் பேராதனையில் சரச்சந்திர 'மனமே' நாடகத்தை உருவாக்கியபோது, நாடகம மரபில் ஊறிய சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயின் துணையை நாடினார். அச்சிங்கள நாடகமவின் வேர்களோ தமிழ்க் கூத்திலும் ஓடுகின்றன! அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தின்பால் திரும்பினார். மாணவரைப் பழக்குவதற்கு மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் வரவழைக்கப்பட்டார். 'கர்ணன் போர்' 1962-லும் 'நொண்டி நாடகம்' 1963-லும் மேடையேறின. 'இராவணேசன்', 'வாலி வதை' பின்னர் வந்தன. கிராமத்தின் பொழுதுபோக்கென்று படித்தவர் ஒதுக்கிய தருவும் தாளக்கட்டும் பட்டதாரி மாணவர் பயிலும் வித்தையாயின. இது சிறிய காரியமா?

ஆனால், இதற்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. விடிய விடிய ஆடிய கூத்து இரண்டொரு மணி நேரத்துக்குள் சுருங்கிற்று. ஊரார் சுற்றியிருந்து பார்த்த வட்டக்களரி ஒரு பக்கம் மட்டுமே திறந்த மேடையாயிற்று. சுருக்கியது குற்றமென்று நாம் கூறோம். நகரத்தான் கூத்தை மதிக்கத் தொடங்கியதே அதனால்தான். எனினும் ஊர்க் களரியில் எதை ஆடுவது, எப்படி ஆடுவது என்பது அண்ணாவியாரின் தீர்ப்பு. மண்டபத்தில் அத்தீர்ப்பு யாரிடம் போயிற்று என்ற கேள்வியைப் பிற்காலக் கூத்து ஆய்வாளர் எழுப்பியதில் நியாயமுண்டு.

கடல் கடந்தும் இக்கேள்வி நிற்கிறது. அமெரிக்காவிலே 1879-ல் கார்லைல் பள்ளி திறந்தபோது முதலில் கொண்டுசெல்லப்பட்டவர்கள் ரோஸ்பட், பைன்ரிட்ஜ் ஒதுக்கிடங்களின் லக்கோட்டாப் பிள்ளைகளே. கூந்தல் கத்தரிக்கப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. அதே ரோஸ்பட் மண்ணின் பிராங்க் வால்ன் இன்று தம் மக்கள் கதையை ஹிப்ஹாப்பில் பாடுகிறார். அவரையொத்த கலைஞரைப் பல்கலைக்கழகங்கள் அழைத்துச் சில காலம் தங்கிக் கற்பிக்கச் செய்கின்றன. பாட்டை அழித்த கல்வியே பாடகனுக்கு நாற்காலி இடுகிறது. அந்த நாற்காலி எத்தனை நாளைக்கு?

நம்மிடத்தே வரலாறு விசித்திரமாய்த் திரும்பியிருக்கிறது. 1981-ல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986-ல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம், அண்ணாவியாரின் அதே வந்தாறுமூலையில் அமைந்தது. பேராதனையில் அக்கூத்துகளில் ஆடிய மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு அங்கே நுண்கலைப் பேராசிரியரானார். அண்ணாவியார் பல்கலைக்கழகம் தேடிப் போன காலம் போய், பல்கலைக்கழகமே அவர் ஊருக்கு வந்தது.

அதன் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. மொழியும் தொடர்பாடலும் அங்கே பாடங்கள். கரைவலைக்காரரையும் கூத்தரையும் ஒருநாள் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது எளிது. ஒரு தவணை முழுதும் ஊதியத்தோடு இருத்தி, பாடத்திட்டத்தில் அவர் சொல்லுக்கும் ஒரு வாக்கு அளிப்பதற்கு எந்தச் சட்டம் தடை? வளாகத்து ஆசிரியரும் மாணவரும் இதனைக் கேட்கத் தொடங்கலாம். வலை இழுப்பவர்கள் தொலைவில் இல்லை.